குடிமராமத்தா, கூலியில்லா மராமத்தா?

கோடை வந்தால் போதும், சில பெரிய மனிதர்களுக்குக் கிராமத்தின் மீது அளவில்லாத பாசம் பொங்கிவிடுகிறது. கண்மாய் வற்றி, வெடித்துக் கிடக்கும் உள்வாயில் ஆடு மேய்கிற சமயம் பார்த்து மேடை போடுகிறார்கள். "அந்தக் காலத்தில் ஊரே ஒன்றுகூடி ஏரியை வெட்டியது, கரையைக் கட்டியது, வாய்க்காலைத் தூர் எடுத்தது. சர்க்காரை எதிர்பார்த்து யாரும் நிற்கவில்லை. இன்றைக்கு ஜனங்களுக்குப் பொறுப்புணர்ச்சி செத்துவிட்டது. தொட்டதற்கெல்லாம் கூலி கேட்கிறார்கள்" என்று பிரசங்கம் நடக்கிறது. மாலை, பொன்னாடை, புகைப்படம். பிரமுகர் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார். மீதி மண் நமக்கு!

இந்தப் பிரசங்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதைக் கேட்டு நம்முடைய உழைப்பாளி மக்களிலேயே சிலர் "வாஸ்தவந்தானே" என்று தலையாட்டுகிறார்கள். வேறு சிலரோ இதற்கு நேர்மாறாக, "கண்மாய்த் தண்ணீர் பட்டாதாரனுக்குப் பாய்கிறது. குழி நிலம் இல்லாத நமக்கு அதில் என்ன வேலை?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள். முதல் பேச்சு ஏமாளியின் பேச்சு. இரண்டாவது பேச்சு ரோஷமுள்ளவனின் பேச்சுதான். ஆனால் அதனால் லாபம் அடைகிறவன் யார் என்று பார்த்தால், அவனும் அதே பட்டாதாரன்தான்.

ஊர் என்றால் யார்?

குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது உண்மை. ஏரி, கண்மாய், ஊருணி, வரத்துக் கால்வாய் இவற்றை ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊரார் சீர்செய்து வைப்பது அந்த வழக்கம். ஒவ்வொருவரும் தமக்குள்ள பாசன நிலத்தின் அளவுக்கு ஏற்ற ஆள்பலத்தைக் கொடுக்க வேண்டும். பத்து வேலி வைத்திருப்பவர் அதிக ஆள், ஒரு வேலிக்காரர் குறைந்த ஆள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆனால் பத்து வேலி மிராசுதார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாரா? அவர் ஆள் அனுப்பினார். அந்த ஆள் அவருடைய பண்ணையாள். தஞ்சைத் தரணியில் காவிரி வாய்க்கால்களின் வண்டலை எடுத்துக் கரையில் கொட்டியவர்கள் யார்? சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் அஞ்சி வாழ்ந்த சேரி மக்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததென்றால், அதற்கு முன் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றுதானே பொருள்? செங்கொடி ஏறிய பிறகுதான் அந்தச் சட்டமும் ஏறியது. மிராசுதார் கணக்கில் "குடிமராமத்துக்கு இத்தனை ஆள் கொடுத்தேன்" என்று எழுதினார். கொடுத்தவர் பெயர் ஏட்டில் நின்றது. வெட்டியவர் பெயர் சகதியில் போயிற்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டாத மேடை கிடையாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் தேர்ந்தெடுத்தார்களாம். உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோமாம். ஏரியைக் கவனிக்கத் தனியாக ஒரு வாரியம் வைத்தது நல்ல ஏற்பாடுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே கல்வெட்டைக் கொஞ்சம் கீழே படிக்கட்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். கால் வேலி என்றால் இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கும் மேல். இதைப் படிக்கிற நம்மில் எத்தனை பேருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் விழும்? சோழர் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்றொரு சொல் வருகிறது. கூலியில்லாமல் செய்ய வேண்டிய ஊழியம் என்பது அதன் அர்த்தம். இன்றைக்கும் "வெட்டி வேலை" என்கிறோமே, அந்த வெட்டிதான். வாரியத்தில் உட்கார்ந்தவன் ஒருவன், வெட்டிக்குப் போனவன் வேறொருவன்.

ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் கடைமடைக்கு எட்டும், கரையில் எந்த இடத்தில் கசிவு, நள்ளிரவு மழையில் கலுங்கில் எத்தனை அடி போகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பல ஜில்லாக்களில் அவர் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அவர் பாய்ச்சுகிற நிலத்தில் ஒரு பாத்திகூட அவருடையதல்ல. களத்துமேட்டில் நெல்லை அளந்து போட்டால் வாங்கிக்கொண்டு போவார். தண்ணீரின் கணக்கு முழுவதும் தெரிந்தவருக்குத் தண்ணீரில் உரிமை இல்லை. இதுதான் அந்தப் பொற்காலம்!

வெள்ளைக்காரன் செய்ததும், கிணறு செய்ததும்

1850-களில் கம்பெனி சர்க்காரின் எஞ்சினியர்கள் சென்னை ராஜதானியின் 14 ஜில்லாக்களில் ஏறக்குறைய 53,000 ஏரிகள் என்றும், அவற்றின் கரைகளை நீளமாகப் போட்டால் 30,000 மைல் வரும் என்றும் கணக்கெழுதினார்கள். இத்தனை மைல் மண்ணும் கூடையில் ஏறித்தான் போயிருக்கிறது. களத்தில் நெல்லைப் பங்கு பிரிக்கும் முன் ஏரிக்கென்று ஒதுக்கி வைத்த பங்கைக் கம்பெனி தன் வரிக்குள் சுருட்டிக்கொண்டது. வரியை ரொக்கமாகக் கறந்தது. ஜமீன் பகுதிகளிலோ ஜமீன்தார்கள் வாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கண்மாயைக் கைகழுவினார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது சர்க்கார் கைக்கு வந்தவை தூர்ந்துபோன கண்மாய்கள்.

மராமத்துக்கு இருந்த நிதியைப் பறித்துக்கொண்ட கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1858-ல் 'சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்' என்று ஒன்றைப் போட்டது. வழக்கப்படி குடிமராமத்துக்கு வராதவன், அவன் கொடுக்க வேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். பணம் லண்டனுக்கு, உழைப்பு ஊராருக்கு. இன்றைக்கு மேடையில் "பொறுப்புணர்ச்சி" என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயரையும் ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும்: கட்டாய உழைப்பு. சட்டத்தை எழுதியவனுக்காவது பெயர் வைப்பதில் கூச்சம் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நம்மூர்ப் பெரிய விவசாயியைத் தப்பவிடுவது நம் வழக்கமல்ல. கண்மாயைக் கடைசியாகக் கைவிட்டவர்கள் அவர்கள்தாம். எப்படி? கிணறு வெட்டினார்கள். பிறகு ஆழ்குழாய்க் கிணறு இறக்கினார்கள். மோட்டார் வந்தது; 1990 வாக்கில் எல்லா விவசாய மோட்டாருக்கும் இலவச மின்சாரமும் வந்தது. சிறு விவசாயிக்கு மின்சாரம் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அவன் போராடிப் பெற்றது அது. ஆனால் விளைவைப் பாருங்கள். 1960-களில் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் ஏறக்குறைய 9 லட்சம் ஹெக்டேர். அண்மைக் காலத்தில் அதில் பாதியைக்கூட எட்டாத ஆண்டுகள் பல. ஏரிகளின் எண்ணிக்கை மட்டும் ஏட்டில் சுமார் 39,000 என்று குறையாமல் நிற்கிறது.

தன் தோட்டத்துக்குள் சொந்தமாகத் தண்ணீர் வைத்திருப்பவனுக்கு மடை எதற்கு, கலுங்கு எதற்கு, கடைமடைக்காரனோடு பேச்சுவார்த்தை எதற்கு? கண்மாயில் தண்ணீர் நின்றால் போதும், அது ஊறித் தன் கிணற்றுக்கு வரும். ஆகவே "மடையைத் திறக்காதே" என்கிறான். கிணறு இல்லாத ஏழை விவசாயியின் நெல் கருகுகிறது. அவன் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுகிறான். மில்லில் ஷிப்டு பார்க்கும் தோழர்களே, உங்களில் பலர் ஏறி வந்த பஸ் அதுதானே? ஊரில் கூட்டு உழைப்பு செத்ததற்குக் காரணம் ஜனங்களின் சோம்பேறித்தனம் அல்ல. தண்ணீர் பொதுவாக இருந்தவரை கூட்டும் இருந்தது. தண்ணீர் சொத்தாக மாறியதும் கூட்டு கலைந்தது.

பத்து சதவீதம் யாருடைய முதுகில்?

2017-ல் குடிமராமத்துக்கு மறுபடியும் உயிர் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தது. முதல் தவணையாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். 2019-20-ல் சுமார் 500 கோடி ரூபாய், 1,829 பணிகள். ஆயக்கட்டுதாரர் சங்கத்திடமே வேலையை ஒப்படைப்போம், செலவில் பத்து சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள்.

சங்கத்தில் யார் உறுப்பினர்? பாசன நிலம் உடையவர்கள். 2000-ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டமும் நிலம் உடையவனைத்தான் உறுப்பினன் என்கிறது. குடத்தில் ஓலை போட்ட காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் இடையில் ஆயிரத்து நூறு வருஷம் ஓடிவிட்டது. தகுதி மட்டும் மாறவில்லை. கண்மாயில் துணி துவைக்கும் பெண், மாடு குளிப்பாட்டும் சிறுவன், நத்தையும் நண்டும் பிடித்து அடுப்பேற்றும் குடும்பம், கோரை அறுக்கும் கிழவி, களிமண் எடுக்கும் குயவர், ஆடு மேய்க்கும் கூலி இவர்களெல்லாம் அந்தச் சங்கத்தின் கண்ணுக்கு மனிதர்களே அல்ல.

பல ஊர்களில் சங்கம் என்பது ஒரு பெயர்ப் பலகை. பலகைக்குப் பின்னால் காண்டிராக்டர். காண்டிராக்டருக்குப் பின்னால் கட்சிக் கரை வேட்டி. வேலை செய்தது பொக்லைன். உள்வாயில் ஓரிடத்தில் ஆழமாகப் பள்ளம் பறித்து, அந்த மண்ணைக் கரை மேல் பூசி, மேலே தண்ணீர் தெளித்துப் படம் எடுத்தார்கள். தண்ணீர் வர வேண்டிய வரத்துக் கால்வாயைத் தொடவில்லை. தொட்டால் அதை உழுது சேர்த்துக்கொண்ட பெரிய மனிதரைத் தொட வேண்டும். வரத்து அடைபட்ட கண்மாயில் எவ்வளவு ஆழம் பறித்து என்ன? வாய் தைத்தவனுக்கு வயிற்றைப் பெரிதாக்கிய வைத்தியம் அது. ஒழுங்காக வேலை நடந்த ஊர்களும் உண்டு. அங்கெல்லாம் ஜனங்கள் கரையில் நின்று கணக்குக் கேட்டிருப்பார்கள்.

வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதியைத் தளர்த்தினார்கள். சந்தோஷம்! ஆனால் சிட்டாவும் அடங்கலும் கொண்டுவா என்கிறார்கள். குயவருக்குக் களிமண் உண்டு. நிலமற்ற கூலிக்கு, தன் குடிசை மேடையை உயர்த்த ஒரு வண்டி மண்ணுக்கு அனுமதி கேட்டால் அலைய வேண்டும். டிப்பர் லாரிக்கு மட்டும் ராத்திரியில் வழி தெரிகிறது. வண்டல் என்று சீட்டு வாங்கி, சவுடு ஏற்றிக்கொண்டு போகிறது.

புறம்போக்கு என்ற வசவு

ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமானால் "பொறம்போக்கு" என்கிறார்கள். சர்க்காருக்கு வரி தராத நிலம், ஆகவே கணக்குக்குப் புறம்பே போக்கப்பட்ட நிலம், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். மந்தைவெளி, மேய்க்கால், களத்துமேடு, வண்டிப்பாதை, சுடுகாடு, ஊருணி, ஏரி உள்வாய் எல்லாம் அதில் அடங்கும். வரி தராததெல்லாம் மட்டம் என்று நினைத்தவன் வாயில் அது வசவாகிவிட்டது. நமக்கோ அதுதான் வாழ்வு. என்.எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80-க்கு மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1986-ல் எழுதினார். ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் வரை இப்படிப்பட்ட பொது நிலங்களிலிருந்து வந்தது என்று கண்டார். 1950-களின் தொடக்கத்திலிருந்து முப்பது வருஷ காலத்துக்குள் இந்த நிலங்களின் பரப்பு 31 முதல் 55 சதவீதம் வரை சுருங்கிவிட்டது என்றும் கண்டார். ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் பல இடங்களில் பிரித்தார்கள். பெரும்பகுதி ஏற்கெனவே நிலம் உள்ளவர்கள் கையிலேயே போய்ச் சேர்ந்தது.

ஆகவே தோழர்களே, "பொது இடத்தைக் காப்பது" என்பது கூட்டிப் பெருக்குகிற விஷயம் மட்டுமல்ல. அதில் ஆடு மேய்க்க யாருக்கு உரிமை, மீன் பிடிக்க யாருக்கு உரிமை, குத்தகைப் பணம் யார் கைக்குப் போகிறது என்ற விஷயம். இந்த உரிமைக்காக உயிர் போயிருக்கிறது. மதுரை ஜில்லா மேலவளவு ஊராட்சியை 1996-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கினார்கள். கண்மாய் மீன் ஏலமும் ஊராட்சியின் பொதுச் சொத்துக்களும் இத்தனை காலம் யார் பிடியில் இருந்தனவோ, அவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரைப் பட்டப்பகலில் பஸ்ஸை வழிமறித்து வெட்டிச் சாய்த்தார்கள். "ஊரே ஒன்றுகூடி" என்று பிரசங்கம் செய்கிறவர்கள், அந்த ஊருக்குள் முருகேசனுக்கு இடம் இருந்ததா என்று சொல்லட்டும். பொதுப் பாதையைச் சுவர் வைத்து அடைத்த உத்தப்புரத்தில், 1989-ல் எழுந்த சுவரில் வழி திறக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. பொது என்று பலகை மாட்டிவிட்டால் பொது ஆகிவிடாது.

ஆக்கிரமிப்பாளன் யார்?

நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று கோர்ட்டு சொல்கிறது. நாமும் அதைத்தான் சொல்கிறோம். 2007-லேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று, ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களுக்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கிராமத்துப் பொது நிலங்களை மீட்டு ஊரிடம் ஒப்படைக்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்றது. ஆனால் அதே தீர்ப்பு, விதிவிலக்காக ஏதேனும் ஒரு சில இடத்தை வரன்முறை செய்யலாம் என்றால், அது நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் கொடுத்திருக்கும் இடமாகவோ, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற பொது வசதி இருக்கும் இடமாகவோ இருக்கலாம் என்றும் சொன்னது. இந்த வரியை எந்தத் தாசில்தாரும் படித்துக் காட்டுவதில்லை.

ஜே.சி.பி. எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறது? கரையோரக் கூரையின் பக்கம். நத்தத்தில் இடம் கேட்டு மனுப் போட்டுப் போட்டுக் கால் தேய்ந்து, கடைசியில் கரையில் நாலு கம்பு நட்டவனுடைய அடுப்பின் பக்கம். ஊற்றுக்கால் மேலே எழுந்த கல்யாண மண்டபம், கால்வாயைச் சேர்த்து வேலி போட்ட தென்னந்தோப்பு, ஓடையை வளைத்த கல்லூரி இவற்றுக்கெல்லாம் நோட்டீஸ், அளவை, மறு அளவை, தடை உத்தரவு. சென்னையில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியது குடிசைவாசி அல்ல, சர்க்கார். கரையில் கூரை போட்டவர்களை அப்படியே விட்டுவிடு என்று நாம் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் சாகிறவர்கள் அவர்கள்தாம். முதலில் மாற்று மனையைக் கொடு, பட்டாவைக் கையில் கொடு, பிறகு கூரையைத் தொடு. முதல் நாள் தென்னந்தோப்பின் வேலியில் கை வை. மறுநாள் நாங்களே எங்கள் கூரையைப் பிரித்துத் தருகிறோம்.

சட்டம் போடும் கை எவ்வளவு நடுநிலையானது என்பதை 2023 ஏப்ரலில் பார்த்தோம். சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் 'நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம்' நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் ஒரு பெரிய திட்டம் வருகிறது, நடுவில் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ குறுக்கிடுகிறது என்றால், அந்தச் சர்க்கார் நிலத்தையும் திட்டத்தோடு சேர்த்துக் கொடுக்க அது வழி செய்கிறது. விவசாய சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. 2024 அக்டோபரில் அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று சென்ட் கூரைக்காரன் ஆக்கிரமிப்பாளன். நூறு ஹெக்டேர்க்காரன் முதலீட்டாளன். நல்ல தமிழ்!

மில் தொழிலாளித் தோழர்களுக்கு நொய்யலை நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. கீழ்ப்பாசன விவசாயி கோர்ட்டுக்குப் போனான். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. பட்டறை மூடினால் வேலையிழந்தவன் தொழிலாளி. திறந்திருந்தால் நிலமிழந்தவன் விவசாயி. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். சாயத்தை ஆற்றில் விட்டு மிச்சம் பிடித்தவனோ இரண்டு பக்கத்துக்கும் அனுதாபம் சொன்னான். சுத்திகரிப்புச் செலவை முதலாளி ஏற்க வேண்டும், மூடிய நாளுக்குக் கூலியையும் அவனே கொடுக்க வேண்டும் என்று ஆலைவாசலில் எழும் குரல்தான் நொய்யலைக் காக்கும் குரல்.

வேலைக்குக் கூலி உண்டு

நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தது. இடதுசாரிகள் வெளியிலிருந்து முட்டுக் கொடுத்த காலம் அது, அதனால்தான் வந்தது. தமிழ்நாட்டில் அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வெட்டியது பெரும்பாலும் குளம், ஊருணி, வரத்துக் கால்வாய். காண்டிராக்டர் கூடாது, ஆள் வேலையைப் பறிக்கும் எந்திரம் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆயிரம் வருஷமாக வெட்டியாகச் செய்த அதே வேலைக்கு, முதல் முறையாகச் சட்டப்படி கூலி! இதுதான் பெரிய மனிதர்களுக்குக் கசந்தது. "மரத்தடியில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுகிறார்கள்" என்று கேலி பேசினார்கள். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அளவு குறைந்தது என்று சொல்லிக் கையில் கொடுத்தது அதற்கும் குறைவு. மாதக்கணக்கில் பாக்கி வேறு. 336 ரூபாய்க்கு உச்சி வெயிலில் மண் சுமப்பவள் ஒரு நாழிகை நிழலில் உட்கார்ந்தால் நாடு கெட்டுவிடுமாம்!

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். சிறிய எழுத்தில் இருப்பது என்ன? முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் கொடுத்தது. புதிய சட்டத்தில் நூற்றுக்கு 40 பங்கு மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். ஏன்? அந்த அறுபது நாளும் நாம் பண்ணையார் சொன்ன கூலிக்குப் போக வேண்டும்! ஆக, கூலி கொடுத்து ஏரி வெட்டும் வழியை ஒரு பக்கம் குறுக்குகிறார்கள். "குடிமராமத்து நம் பண்பாடு" என்று மறு பக்கம் பிரசங்கம் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும். மீன் பாசிக் குத்தகைக்கு நம் சங்கத்து ஆள் ஒருவர் பெயரை முன்னே தள்ளி, பணம் போட்டு எடுப்பது பெரியவீட்டுக்காரர். நம்மவருக்கு ஒரு நாள் பிரியாணியும் பாட்டிலும். வருஷம் முழுவதும் தூண்டில் போட்ட நம் பிள்ளையை அடித்து விரட்ட அதே நம்மவரையே காவல் வைக்கிறார்கள். இதை நாம் இனிமேல் சகிக்கலாகாது. மடையின் இரும்பைக் கழற்றி எடைக்குப் போடுவதும், கோழிக் கழிவை ஊருணிக் கரையில் கொட்டிவிட்டுப் போகும் கடைக்காரனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதும் அப்படியே. நம் பெண்கள் குடம் இறக்கும் தண்ணீர் அது. பட்டாதாரன் மீதுள்ள கோபத்தை மடைமீது காட்டினால், கண்மாய் வற்றிய வருஷம் நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, கூலியும் இல்லை. பட்டாதாரனுக்குக் கிணறு இருக்கிறது. நமக்கு?

ஆகவே கண்மாயை வெட்டுவோம், கரையைக் காப்போம், கருவேலத்தை வேரோடு பிடுங்குவோம். சட்டக் கூலிக்குக் குறையாமல் கொடு. பத்து சதவீதப் பங்கு உழைப்பை ஏக்கர் கணக்குப்படி நிலம் உடையவனே தன் கையால் செய்யட்டும், அல்லது ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்யட்டும். கரை உடையும் ஆபத்தென்றால் கூலி கேட்காமல் முதல் ஆளாக நிற்போம். எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறோம், பட்டாதாரன் திண்ணையில் குடை பிடித்து நின்றபோதும். பாசன சங்கத்தில் நிலமற்ற உழைப்பாளிக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும். மீன் குத்தகை முதலில் உழைப்பாளிகளின் கூட்டுறவுக்கு. மரம் ஏலம் போன பணமும் மீன் ஏலம் போன பணமும் அதே கண்மாய்க்கே செலவாக வேண்டும். நீர்க்கட்டிக்கு ஊராட்சி மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஊராட்சி வேண்டும். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தலை வைக்காமல் தனி அலுவலரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அலுவலர் ஆனாலும், தலைவர் ஆனாலும், கிராம சபையைக் கூட்டியே ஆக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். மார்ச் 22 தண்ணீர் தினமாம்; அன்றைக்கு உறுதிமொழி வாசித்துக் கலைத்துவிடுவார்கள்.

மே 1 கூட்டத்துக்குப் போவோம். ஊருக்கு வந்திருக்கும் மில் தொழிலாளிகளையும் கூட்டிக்கொண்டு போவோம். அன்றைக்கு அவர்களுக்கு விடுமுறை. போகும் முன், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, கண்மாயின் 'அ' பதிவேட்டு நகலையும் புலப்பட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நீர்க்கட்டியை முன்னால் விட்டு, வரத்துக் கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து கலுங்கு வரை ஒருமுறை எல்லோரும் நடந்து பார்த்துவிட வேண்டும். எந்த சர்வே எண்ணில் வேலி குறுக்கே நிற்கிறது என்று சிலேட்டில் எழுதினாலும் போதும். கூட்டத்தில் மூன்று வருஷத்து மீன் ஏலக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து முடிக்கும் வரை தீர்மானப் புத்தகத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.